தீபாவளி நோட்டில் எத்தனை ஜாக்கெட்?

அன்புள்ள அண்ணனுக்கு,

மன்னார்குடி பக்கத்தில் சின்னதாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. நானும், ஓவர்லாக் அடிக்க, ஹூக் கட்ட ஒரு பெண்ணும்தான். தீபாவளிக்கு இன்னும் 25 நாள் இருக்கிறது. நோட்டில் இப்போதே 140 ஜாக்கெட் ஏறிவிட்டது, எல்லாமே லைனிங். கடையில் பாத்ரூம் கிடையாது, அதனால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு குளிர்காய்ச்சல் வந்தது, யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டே தைத்தேன். இந்த வருடம் ராத்திரியில் வலது கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, உதறினால் சரியாகிறது. மூன்று தீபாவளியாக எனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ‘ரெஸ்ட் எடு’ என்கிறார்கள். இந்த மாத வருமானத்தில்தான் பிள்ளைகளின் ஃபீஸ் இருக்கிறது. நீங்களும் அதையே சொல்லாமல் ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள்.

– ஒரு தையல்கடைக்காரி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கமா என்று கவனியுங்கள். அப்படியென்றால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறதோ என்று பார்க்க வேண்டும். கார்ப்பல் டனல் என்பார்கள். கத்தரி, ஊசி, இஸ்திரி என்று ஒரே கையால் நாள் முழுக்கச் செய்பவர்களுக்கு வருவது. சர்க்கரையோ தைராய்டோ இருந்தாலும் வரும், அதனால் அந்த இரண்டையும் சேர்த்தே பரிசோதித்துவிடுங்கள். ஆரம்பத்தில் போனால், பலருக்கு ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றிலேயே நன்றாகக் குறையும். வருடக்கணக்கில் விட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப் பிடி போய்விடும். உங்கள் தொழிலே அந்தப் பிடியில்தான் நிற்கிறது. தீபாவளி முடியட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் நோட்டு. நீங்கள் கேட்ட வழி அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு, அந்தப் பெண் செய்வது போக உங்கள் கையால் மட்டும் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். 140 ஜாக்கெட்டுக்கு 280 மணி நேரம். 25 நாளில் வகுத்தால், ஒரு நாள்கூட விடாமல் தினம் பதினோரு மணி நேரத்துக்கு மேல் மிஷினில் இருக்க வேண்டும். அளவு எடுப்பது, ‘தோள் இறங்குது’ என்று திரும்பி வருவதைப் பிரித்துத் தைப்பது, ‘ரெடியா?’ என்று வரும் போன், வீட்டில் சோறு வடிப்பது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. தினம் எட்டு மணி நேரம் தைத்தால் 200 மணி நேரம், 100 ஜாக்கெட். மிச்சம் 40 ஜாக்கெட்டை உங்கள் தூக்கத்தில் இருந்துதான் எடுத்துத் தைக்கப் போகிறீர்கள்.

என் அப்பாவும் தையல்காரர். சட்டை, பேன்ட் தைப்பார். நான் எட்டாவது படித்தபோது, தீபாவளிக்கு முந்தைய ராத்திரி இரண்டு மணி இருக்கும். கடையில் அவருக்கு எதிரே பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. ஊசி அவருடைய இடது ஆள்காட்டி விரலின் நகத்துக்குள் இறங்கி அப்படியே நின்றிருந்தது. அவர் கத்தவில்லை. வலது கையால் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே தூக்கினார். பாதி ஊசிதான் வந்தது, முனை உள்ளேயே தங்கிவிட்டது. ரத்தத்தைவிட, அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சக்கரத்தைத் திருப்பியதுதான் இன்றும் என் கண்முன்னே நிற்கிறது.

அடுத்த வருடம் தீபாவளிக்கு இருபது நாள் முன்பே, காலண்டர் அட்டையின் பின்பக்கம் ‘தீபாவளி ஆர்டர் முடிந்தது’ என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார். வாடிக்கைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். ஒருவர் துணியை வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். பொங்கலுக்கு அவரே திரும்பி வந்தார். அந்த வருடம் அப்பா எங்களோடு எண்ணெய் தேய்த்துக் குளித்தார்.

உங்களுக்கு 140 ஏற்கெனவே ஏறிவிட்டது, இனி அட்டை மட்டும் போதாது. நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். ஒரே வீட்டில் இருந்து நாலு, ஐந்து கொடுத்தவர்கள் இருப்பார்கள். தீபாவளி அன்று கட்டப்போவது ஒரு புடவைதான். ‘அக்கா, அன்னைக்கு எந்தப் புடவை கட்டப் போறீங்க? அதை முதல்ல தர்றேன், மத்ததைக் கார்த்திகை பிறந்ததும் தர்றேன்’ என்று கேளுங்கள். ஒரு பன்னிரண்டு, பதினைந்து வீட்டில் பேசினாலே அந்த 40 நகர்ந்துவிடும். கூலி எங்கும் போகாது, சில நாள் தள்ளி வரும். எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்தான். ஒத்துக்கொள்ளாதவர்களுடையதை நீங்கள் வெட்டிக் கொடுத்து, வீட்டில் மிஷின் வைத்திருக்கும் யாரிடமாவது பீஸ் கணக்கில் தைக்கக் கொடுங்கள். ஹூக்கும் கை ஹெம்மிங்கும் தெருவிலேயே செய்ய ஆள் இருப்பார்கள்.

தண்ணீர் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று கழிப்பறை. போகிற இடம் இல்லாமல் அங்கேயும் பெண்கள் உங்களைப் போலவே தாகத்தை அடக்கிக்கொண்டுதான் நின்றார்கள். பிறகு உட்கார்ந்து வேலை செய்யும் உரிமையைக் கேட்டார்கள். 2018இல் கேரளாவிலும் 2021இல் நம் தமிழ்நாட்டிலும், கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. சொந்தக் கடை வைத்திருக்கும் உங்களுக்காக வந்து கேட்க யாரும் இல்லை, நீங்களேதான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில், எதிரில் இருக்கும் கிளினிக்கில், எங்கே என்றாலும் கேளுங்கள். மாதம் ஏதாவது கொடுத்தாவது ஒரு பாத்ரூமை ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பெண்ணும் அதே கடையில்தான் இருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் எழுந்து போய்விட்டு வாருங்கள், கழுத்துக்கும் இடுப்புக்கும் அது நல்லது. மறுபடி குளிர்காய்ச்சலோ விலாவுக்குப் பின்னால் வலியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.

இன்னொன்று, தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சீசன் முடிந்ததும் செய்துவிடுங்கள். 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு.

நோட்டில் எண்களை மாற்றி எழுதும்போது ஒன்றாம் நம்பரில் உங்கள் ஜாக்கெட்டை எழுதுங்கள். அதையும் சேர்த்துத்தான் நூறு. இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை வெட்டிவிடுங்கள். டாக்டர் கையைப் பார்த்து என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்