உலக விதிகள் இருந்தும் நாடுகள் ஏன் தம் நலனையே முதலில் பார்க்கின்றன?

விதிக்கு எல்லா நாடும் கையெழுத்துப் போடும். மீறினால் தடுக்கத்தான் ஆளில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்தான். 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பரை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. காடு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் பத்து ஏக்கர் சிறுதோட்டக்காரருக்கு அந்தச் சட்டம் கேட்கும் நில இருப்பிடப் பதிவு வேலை பெரும் சுமை.

மலேசியாவும் தன் பங்குக்குப் பதப்படுத்தாத அரியமண் தாது (மின்னணுக் கருவிகளுக்குத் தேவையான அரிய உலோகங்கள் கொண்ட தாது) ஏற்றுமதியை 2024இல் தடுத்தது. ஆலையும் வேலையும் இங்கேயே வரட்டும் என்ற கணக்கு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் இதேபோல் 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்திய இந்தோனேசியாவின் செயல் விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பின் குழு 2022இல் சொன்னது. இந்தோனேசியா மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த மேல்முறையீட்டு அமைப்போ, அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்ததால், 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது.

இணையக் குற்றத்திலும் இதே இழுபறிதான். ஒரு பாட்டியின் சேமிப்பைப் பறித்தவன் ஒரு நாட்டில், ஆதாரம் இன்னொரு நாட்டு சர்வரில். இணையக் குற்றங்களை எதிர்க்க நாடுகள் ஒத்துழைப்பதற்கான 2001ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கையில் ரஷ்யாவும் சீனாவும் சேரவில்லை. 2024 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற புதிய உடன்படிக்கை நடப்புக்கு வர 40 நாடுகள் உறுதிசெய்தாக வேண்டும்.