ஆச்சியின் பலகார வீடியோவைத் திருடிய தளத்தை முடக்க முடியுமா?

காரைக்குடியிலிருந்து கேட்ட தம்பிக்கு: ஆச்சியின் கட்டணப் பலகார வகுப்பை ஒரு டவுன்லோட் தளத்தில் யாரோ ஏற்றிவிட்டார்கள், அந்தத் தளத்தையே முடக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்கம் கடைசி வழி. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், வாங்கினாலும் நாளைக்கே வேறு பெயரில் அதே தளம் முளைக்கும். 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் புதிதாக முளைக்கும் நகல்களையும் அதே உத்தரவில் சேர்க்க வழி செய்தது, ஆனால் அதெல்லாம் சினிமாக் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகும்.

முதலில் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதிப்புரிமைச் சட்டம் 52(1)(சி), 2013 விதிகளின் 75ஆம் விதிப்படி, புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்த லிங்க்கை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு காட்டாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வர், அமெரிக்காவில் என்றால் டிஎம்சிஏ நோட்டீஸ் (அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கச் சொல்லும் புகார்), அப்புறம் கூகுளிலும் தனியாக ஒரு புகார். தேடலில் வராவிட்டாலே பாதிக் கூட்டம் போகாது.

ஒன்று கவனம், சீப்புச் சீடை செய்முறைக்கு உரிமை கோராதீர்கள், அது ஊர்ச் சொத்து. மாவுத் துண்டை விரலில் சுற்றி ஒட்டுகிறாரே ஆச்சி, அந்தப் படப்பதிவும் அவர் குரலும்தான் உங்களுடையவை. லிங்க் ஒவ்வொன்றையும் தேதி தெரிகிற ஸ்க்ரீன்ஷாட்டோடு எடுத்து வையுங்கள்.

வழக்கு என்றே ஆனாலும் டெல்லிக்கு அலைய வேண்டாம், பிரிவு 62(2)படி உரிமையாளர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், உங்களுக்கு அது சிவகங்கை.