ரொறன்ரோவில் இருந்து வந்த தொலைநோக்கிக்குக் கிளிநொச்சி வானம் பழகுமா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மாமா தான் பாவித்த கணினித் தொலைநோக்கியை அனுப்பியிருக்கிறார். நிலவு, வியாழன் எல்லாம் பிடிக்கிறது. ஆனால் பிள்ளைகள் கேட்பது ரிமோட்டின் பட்டியலில் இல்லாத வால்வெள்ளியும் விண்வெளி நிலையமும். முயன்றால் வெறும் இருட்டுத்தான். என்ன பிழை?

பதில்: கருவியில் பிழை இருக்காது. அது தான் எங்கே, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று நினைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாமா ரொறன்ரோ என்று வைத்திருப்பார். நீங்கள் நகரப் பட்டியலில் கொழும்பைத் தெரிவு செய்திருப்பீர்கள். நட்சத்திரங்களுக்கு அது போதும். இரண்டு நட்சத்திரங்களைக் கையால் நடுவுக்குக் கொண்டுவந்தவுடன் ரிமோட் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும், இடப்பிழை மறைந்துவிடும். செய்மதியிடம் இந்தச் சமாளிப்பு எடுபடாது. விண்வெளி நிலையம் ஏறக்குறைய 420 கிலோமீற்றர் உயரத்தில்தான் போகிறது. கொழும்புக்கும் உங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 280 கிலோமீற்றர். உங்கள் தலைக்கு நேர் மேலே போகும் நிலையம் கொழும்பில் நிற்பவருக்கு உச்சியிலிருந்து 30 பாகைக்கு மேல் சரிந்து தெரியும். ரிமோட் கொழும்புக் கணக்கில் தேடினால் இருட்டுத்தான் கிடைக்கும்.

ஆகவே நகரப் பட்டியலை விட்டுவிட்டு அகலாங்கு, நெட்டாங்கை நீங்களே கொடுங்கள். போன் வரைபடம் 9.38, 80.40 என்று தசமத்தில் காட்டும். பல ரிமோட்டுகள் கேட்பது பாகையும், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையும். தசமத்துக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்குங்கள்: வடக்கு 9 பாகை 23 கலை, கிழக்கு 80 பாகை 24 கலை. 9.38ஐ 9 பாகை 38 கலை என்று அடித்துவிட்டுத் திண்டாடியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது நேரம். எங்கள் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். சில ரிமோட்டுகள், முக்கியமாகப் பழையவை, முழு மணி வலயங்களை மட்டுமே ஏற்கும். அந்த அரை மணிக்கு அங்கே இடமில்லை. அப்படியானால் வலயத்தை உலக நேரம் என்று வைத்து, மணிக்கூட்டில் ஐந்தரை மணியைக் கழித்துக் கொடுங்கள். இரவு 7 மணி என்றால் 13:30. விடியற்காலை 4:45 என்றால் முதல் நாள் 23:15. திகதியையும் ஒரு நாள் பின்னால் போட மறக்க வேண்டாம். கனடாவின் கோடைநேரத் தெரிவு இயக்கத்தில் இருந்தால் நிறுத்துங்கள். திகதியை மாதம் முதலாக எழுதும் பழக்கமும் ரிமோட்டுக்கு உண்டு. செய்மதிக்கு நேரம் விநாடிச் சுத்தமாக இருக்க வேண்டும். உச்சியில் போகும்போது நிலையம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும். உங்கள் கண்வில்லையில் தெரியும் வானமே ஒரு பாகைக்குள்தான் இருக்கும்.

இப்போது வால்வெள்ளி. செலஸ்ட்ரோன் நெக்ஸ்ஸ்டார் போன்றவற்றில் பயனர் பொருள்கள் என்ற பகுதிக்குள், வானத்தில் ஒரு பொருளின் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்களான வல ஏற்றத்தையும் (மணி, நிமிடத்தில்) நடுவரை விலக்கத்தையும் (பாகை, கலையில்) அடித்துச் சேமிக்கலாம். அந்த எண்களை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் எடுக்கலாம். வால்வெள்ளி நாளுக்கு நாள் இடம் மாறும், எனவே பார்க்கப்போகும் மணிக்குரிய எண்ணையே எடுங்கள். ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே பொருளுக்கு 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஓர் எண், இன்றையக் கணக்கில் இன்னோர் எண். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நிலவின் அரை அகலத்துக்கு மேல்கூட வித்தியாசம் வந்திருக்கிறது. உங்கள் ரிமோட் எதை எதிர்பார்க்கிறது என்று அறிய, பட்டியலில் உள்ள சிரியஸ் நட்சத்திரத்துக்குப் போய் நடுவில் வையுங்கள். பிறகு 6 மணி 45 நிமிடம் 9 விநாடி, கழித்தல் 16 பாகை 43 கலை என்ற 2000ஆம் ஆண்டு எண்களைக் கையால் கொடுத்து மறுபடி போகச் சொல்லுங்கள். சிரியஸ் அசையாமல் நின்றால் அது பழைய கணக்கு. கால் பாகையளவு விலகினால் இன்றையக் கணக்கு.

விண்வெளி நிலையத்துக்கு உங்கள் கருவி என்ன வகை என்பது முக்கியம். மீட் ஓட்டோஸ்டாரில் செய்மதிக்கென்றே பகுதி உண்டு. செல்ஸ்ட்ராக் தளத்தில் 25544 என்ற எண்ணின் கீழ் இருக்கும் இரண்டு வரித் தரவை, அதாவது நிலையத்தின் சுற்றுப்பாதையைச் சொல்லும் எண்களை, அதில் ஏற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பழைய தரவு வேண்டாம். அதில் மையவிலகல், அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீள்கிறது என்ற எண், தசமப்புள்ளி இல்லாமல் அச்சாகியிருக்கும். 0006703 என்று இருந்தால் 0.0006703 என்று அடியுங்கள். நெக்ஸ்ஸ்டார் ரிமோட்டில் இந்த வசதி இல்லை. அதற்கு நான் செய்வது பதுங்கியிருந்து பிடிப்பது. ஹெவன்ஸ் அபவ் தளம் அன்றைய பாதையை நட்சத்திரப் படத்தில் காட்டும். பாதை எந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போகிறதோ அங்கே குழாயைத் திருப்பி, குறைந்த உருப்பெருக்கக் கண்வில்லையோடு காத்திருங்கள். நேர் உச்சியால் போகும் நாட்களை விட்டுவிட்டு 40 முதல் 60 பாகை உயரத்தில் போகும் நாளைத் தெரிவு செய்யுங்கள். உச்சியில் அடித்தளம் சட்டென்று சுற்ற வேண்டிவரும், மோட்டார் பின்தங்கும். பொழுதுபட்ட பிறகும் விடியுமுன்னும் ஓரிரு மணித்தியாலங்கள்தான் இதற்கு வாய்ப்பு. குளக்கட்டு நல்ல இடம், ஆனால் யானை நடமாட்டத்தை ஊரவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்கு எனக்குப் பிடித்த இன்னொன்றையும் காட்டுங்கள். கூரையில் இருக்கும் ரிவி டிஷ் பார்க்கும் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. வன்னியிலிருந்து அவை வான நடுவரைக்கு, அதாவது பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு, சற்றே தெற்கே, ஒன்றரைப் பாகையளவில் தெரியும். ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டியும் அதே கோட்டில்தான் இருக்கிறது. தை, மாசி இரவில் 5 மணி 38 நிமிடம், கழித்தல் 1 பாகை 36 கலை என்று புதுப் பொருளாகச் சேமித்து அங்கே போங்கள். 6 அங்குல அகலமோ அதற்கு மேலோ உள்ள கண்ணாடி வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். நட்சத்திரங்களுக்கு நடுவே மங்கலான புள்ளியொன்று மெல்ல ஊர்ந்து வரும்போது, மோட்டார் நட்சத்திரங்களைப் பின்தொடர்வதை நிறுத்திவிடுங்கள். அந்தப் புள்ளி நிற்கும், நட்சத்திரங்கள் எல்லாம் நகரத் தொடங்கும்.