யாரோடு யார் உட்காருவது?

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு குழுக் கற்றலை முயன்று பார்க்கிறேன். ஆறு ஆறு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலைவர் வைத்து, பாடத்தைப் படித்துப் பேசி எழுதச் சொல்கிறேன். சத்தம் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியர் "என்னம்மா, சந்தைக்கடையா?" என்கிறார். போர்ஷன் முடிவதில்லை. குழுவில் நன்றாகப் படிக்கிற ஓரிருவர் எழுதுகிறார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். சண்டை வரக்கூடாது என்று, யார் யாரோடு பழகுவார்களோ அவர்களையே ஒரே குழுவில் போட்டிருக்கிறேன். சில பெற்றோரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். அதனால் அந்த வகையில் தொந்தரவு எதுவும் இல்லை. குழுக் கற்றல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒத்துவருமா? பழையபடி கரும்பலகைக்கே போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

சம்பளம் கூடப்போவதில்லை, யாரும் பாராட்டப்போவதும் இல்லை. அப்படியிருந்தும் வகுப்பைப் புதிதாக நடத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அதற்கு முதலில் என் அன்பு. உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பவானிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முப்பது பிள்ளைகள் பேசினால் சத்தம் வரத்தான் செய்யும். பாடத்தைப் பேசுகிறார்களா, வேறு கதை பேசுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். போர்ஷன் விஷயம் தனி, அதற்கு இப்போது போக வேண்டாம்.

ஓரிருவர் எழுத மற்றவர்கள் பார்த்து எழுதுவது பழைய நோய்தான். ரிங்கல்மன் என்று பிரான்சில் ஒரு வேளாண் பொறியாளர் இருந்தார். ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்து, 1913இல் கணக்கை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாளாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போட்டார்கள். ஊர்த் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை எல்லாரும் வைத்திருப்பார்கள், இழுப்பது சிலர்தான். ஆறு பேருக்கு ஒரே தாள், ஒரே விடை, ஒரே மதிப்பெண் என்று கொடுத்தால் எந்த ஊரிலும் அப்படித்தான் ஆகும். ராபர்ட் ஸ்லாவின் என்ற அமெரிக்கக் கல்வியாளர் கூட்டுக் கற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். குழுவுக்கென்று ஒரு பொதுவான இலக்கு இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக என்ன கற்றது என்பதை வைத்தே அந்தக் குழுவை அளக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் பரிட்சையைத் தனித்தனியாக வையுங்கள்.

குழுத் தலைவரை எடுத்துவிடுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று, மற்றப் பிள்ளைகளை நடத்துகிற மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். வாத்தியார் ஊரில் இல்லாதபோதும் பள்ளி நடந்தது அவரால்தான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அதை 1797இல் லண்டனில் அச்சிட்டார், அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் இன்றைக்கும் ஒரு பள்ளி இருக்கிறது. நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போன சங்கதி அது. ஆனால் சட்டாம்பிள்ளை இருக்கும் இடத்தில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்தால் வகுப்பில் ஐந்தாறு சட்டாம்பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள்.

இதெல்லாம் எளிதில் சரிசெய்யக் கூடியவை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சில பெற்றோரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். அதனால் அந்த வகையில் தொந்தரவு எதுவும் இல்லை."

என்ன கேட்டுக்கொண்டார்கள், அம்மிணி? "எம்புள்ளைய அந்தப் பசங்ககூட உட்கார வைக்காதீங்க டீச்சர்" என்றுதானே? அந்தப் பசங்க என்றால் எந்தத் தெருப் பசங்க என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதைப் படிக்கிற கொங்குநாட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஊரில் ஏற்கெனவே கிழித்திருக்கிற கோட்டை வகுப்பறைத் தரையில் போட்டுவிட்டு, தொந்தரவு இல்லை என்கிறீர்கள். யாருக்குத் தொந்தரவு இல்லை? பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கேட்கத் தெரிந்த பெற்றோருக்கு இல்லை. வந்து கேட்காத பெற்றோரின் பிள்ளை, ஆறு பேர் குழுவில் யார் யாரெல்லாம் தன்னோடு இருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இருக்கலாம், இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

சாதி பார்ப்பதெல்லாம் தெற்கே, நம் பக்கம் அப்படி இல்லை என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக, அவர் சமைக்கக் கூடாதென்று பெற்றோர் சிலர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. அந்த அதிகாரிகளும் தொந்தரவு வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் படித்த தொடக்கப் பள்ளி பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. காரை பெயர்ந்த ஒற்றை அறை, நீளப் பலகைகள், அவற்றுக்குப் பின்னால் சுவரை ஒட்டி வெறுந்தரை. அந்தத் தரையில் உட்காரச் சொல்லி யாரும் யாரையும் அதட்டியதில்லை. சில பிள்ளைகள் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களில் ஒருவன் குரலை நான் தினமும் ஒரே ஒருமுறை கேட்டேன். வருகைப் பதிவின்போது அவன் சொன்ன "உள்ளேன் ஐயா." தொடக்கப் பள்ளி முடியும்வரை அவன் வாயிலிருந்து வேறு சொல் எதையும் நான் கேட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கத்து வீட்டுக்கு மாடிப்படி கட்ட வந்த கொத்தனார் அவன்தான். மட்டப்பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூரை உயரத்தையும் படி வைக்க இருந்த நீளத்தையும் ஒரு பார்வை பார்த்தான். இத்தனை படி, ஒவ்வொன்றும் இவ்வளவு உயரம், திருப்பத்தில் இவ்வளவு அகலம் என்று மனதிலேயே வகுத்துச் சொன்னான். வீட்டுக்காரர் தாளில் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. எங்கள் வகுப்பில் வகுத்தல் தெரிந்த பிள்ளை பின்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தது வாத்தியாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தோம்.

இனி நீங்கள் பயிற்சியில் கேட்டிருக்க வேண்டிய கதைக்கு வருகிறேன். 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரம். அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். அடிதடி நடந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், சிலர் துள்ளித் துள்ளிக் கை தூக்குகிறார்கள், ஒருவரைக் கூப்பிட்டதும் மற்றவர்கள் முகம் சுருங்குகிறது, மிச்சப் பிள்ளைகள் தலை குனிந்திருக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளை தோற்றால்தான் தனக்கு லாபம் என்று வகுப்பே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நம் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பி மாநில ரேங்குக்கு ஓடவிட்ட காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, ஆனால் வீடுகளில் அது நின்றபாடில்லை.

ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஐந்தாறு பேர் குழு, எல்லா இனமும் கலந்த குழு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. அதே துண்டு கிடைத்த மற்றக் குழுப் பிள்ளைகளோடு முதலில் உட்கார்ந்து அதைப் படித்துத் தெளிய வேண்டும். அப்புறம் தன் குழுவுக்குத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். கடைசியில் முழுப் பாடத்திலும் தனித்தனியாகப் பரிட்சை. மெக்சிகோ வம்சாவளிப் பையன் ஒருவன், கார்லோஸ் என்று பெயர் மாற்றி எழுதியிருக்கிறார் ஆரன்சன், ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வரும். குழு கேலி செய்தது. கவனித்துக்கொண்டிருந்தவர் பிள்ளைகளைத் திட்டவில்லை. அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் பரிட்சை என்று மட்டும் நினைவுபடுத்தினார். கேலி செய்தால் விடை கிடைக்காது என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. நல்ல கேள்வியாகக் கேட்கத் தொடங்கினார்கள், அவனும் சொல்லத் தொடங்கினான். சில வாரங்களில் பகை குறைந்தது, பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்தது, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. உங்களிடம் வந்து பேசிய பெற்றோருக்கு இந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள்.

பழகுகிறவர்களையே ஒன்றாகப் போட்டால், இந்த முறை எதற்காகப் பிறந்ததோ அதையே எடுத்தெறிந்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

பவானிப் பக்கம் நான் பார்த்த வகுப்பு இதுதான். காளிங்கராயன் வாய்க்காலை ஐந்து தாள்களாகப் பிரித்திருந்தார் அந்த ஆசிரியர். வெட்டியவர் யார், எந்த நூற்றாண்டு என்று ஒரு தாள். பவானி ஆறு காவிரியில் சேருமுன் கட்டிய அணை ஒன்று. நொய்யலில் போய்ச் சேரும்வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்கால் ஏன் வளைந்து வளைந்து போகிறது என்பது ஒன்று. மஞ்சள், கரும்பு, வாழை, நெல் ஒன்று. சாயக்கழிவு ஒன்று. வளைவுத் தாள் ஒரு பெண் பிள்ளைக்கு வந்திருந்தது. அவள் அம்மா வாய்க்கால் ஓரத்து மஞ்சள் காட்டில் களை எடுக்கப் போகிறவர். விடுமுறையில் அவளும் கூடப் போவாள். எதிரே உட்கார்ந்திருந்த பையன், அந்தக் காடு யாருடையதோ அந்த வீட்டுப் பையன். முதலில் அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தாளைப் படித்துவிட்டு நிறுத்தினாள். "பாம்பு போன வழியிலே வெட்டுனாங்கன்னு எங்க அப்புச்சி சொல்லுவாரு" என்றான் அவன். அவள் சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு மேட்டை வரைந்தாள். "தண்ணி மேடேறாதல்லோ. மட்டம் பார்த்துத்தான் போகும். மேடு வந்தா அதைச் சுத்திக்கிட்டுப் போகோணும்." அவன் குனிந்து பார்த்தான். "அப்ப எங்க காட்டு மேல்மூலைக்கு ஏன் தண்ணி வாரதில்ல?" என்று கேட்டான். அவள் அந்த மூலையை வரைந்து காட்டினாள். அவன் காட்டின் வாட்டம் அவனைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.

சேர்ந்து உட்கார வைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே நான்கு நிபந்தனைகள் சொன்னார். அந்த இடத்திலாவது எல்லாருக்கும் சம நிலை வேண்டும், இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை நடக்கக் கூடாது, மேலே இருப்பவர் துணை நிற்க வேண்டும். முதல் மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. நான்காவது தலைமையாசிரியர் கையில். அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வழி இருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்திருக்கிறது. அதைக் காட்டுங்கள். பெற்றோர் வந்தால், "டீச்சர் பிரித்தார்" என்று நீங்கள் தனியாக மாட்டிக்கொள்ளாமல், வருகைப் பதிவேட்டு வரிசை என்று அவரே பதில் சொல்லலாம்.

வரும் திங்கட்கிழமை பதிவேட்டை எடுத்து ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். எல்லாக் குழுவும் கலந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஓரிருவரை மாற்றுங்கள். முதல் பாடத்துக்கு உங்கள் ஊரிலேயே இருக்கிற ஏதாவது ஒன்றை எடுங்கள், குளமோ தறியோ சந்தையோ. இதுவரை வாய் திறக்காத பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரிந்த துண்டு எதுவோ அதை அதற்குக் கொடுங்கள். தொடக்கத்தில் சண்டை வரும், ஒரு தாயாவது வாசலில் வந்து நிற்பார். அப்போது என்ன பேசினார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். போர்ஷனைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்.