ஸ்கேன் செய்த பழைய பிளானை ஆட்டோகேடில் சரியான அளவுக்குக் கொண்டுவந்து அதன்மேல் வரைவது எப்படி?

குன்னூரில் சரிவான மனையில் நிற்கும் ஒரு பழைய வீட்டின் பிளானையும், அந்த மனையின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் நில அளவைப் படமான புலப்படத்தின் நகலையும் ஸ்கேன் செய்து, கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் இறக்கியிருக்கிறீர்கள். பிளானில் 1:100 என்று அச்சிட்டிருந்தும் திரையில் எந்த அளவும் பொருந்தவில்லை என்பது உங்கள் கேள்வி. கோத்தகிரியில் வீடுகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

1:100, அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 100 சென்டிமீட்டர் என்பது, அந்தத் தாளுக்கு மட்டுமே உரிய விகிதம். நகலெடுக்கும்போது படம் சற்றுச் சுருக்கப்பட்டிருந்தால் அந்த விகிதம் தாளிலேயே செல்லாததாகிவிடும். ஸ்கேன் செய்த பிறகோ அது மென்பொருளுக்கு வெறும் புள்ளிகளின் கூட்டம். ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு, பிளானில் எண்ணாக எழுதியிருக்கும் ஓர் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் கட்டளையைக் கொடுத்து, அடிப்புள்ளியைக் குறித்தபின் ‘ஆர்’ எழுத்தைத் தட்டினால் ரெஃபரன்ஸ் முறை வரும். அளவின் இரு முனைகளையும் சொடுக்கிவிட்டு உண்மையான நீளத்தைத் தட்டச்சு செய்தால் போதும். மில்லிமீட்டரில் வரைபவர் 40 அடிக்கு 12192 என்று கொடுக்க வேண்டும். ஸ்கேன் கோணலாகவும் விழுந்திருந்தால், உண்மையான நீளத்தில் ஒரு கோடு வரைந்துகொண்டு, அலைன் கட்டளையால் படத்தின் இரு புள்ளிகளை அதன் இரு முனைகளோடு பொருத்தி, அளவை மாற்றவா என்று கேட்கும்போது ஆம் என்று சொன்னால் கோணலும் அளவும் ஒன்றாகவே சரியாகும். ஏற்கெனவே வரையத் தொடங்கியிருந்தாலும் கவலையில்லை. படத்தையும் கோடுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இதையே செய்யலாம்.

எந்த அளவைப் பிடிப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கதவு 3 அடி என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் கதவையே பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்த 1:100 பிளானில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். சொடுக்குவதில் இரண்டு புள்ளிகள் தவறினால் 3 அடியில் அது 1.85 சதவீதம், அதே பிழை 40 அடிச் சுவருக்குப் பரவும்போது கிட்டத்தட்ட 9 அங்குலம் ஆகிவிடுகிறது. அதே இரண்டு புள்ளிகள் 40 அடி அளவிலேயே தவறியிருந்தால் பிழை முக்கால் அங்குலத்தைத் தாண்டாது. ஆகவே பிளானில் உள்ள மிக நீளமான அளவை எடுத்து, சுவரின் தடித்த கோட்டை அல்லாமல் அளவுக்கோட்டின் முனைக்குறிகளைச் சொடுக்குங்கள். அப்போது, அருகிலுள்ள முனையைத் தானாகப் பற்றும் ஸ்நாப் வசதியை அணைத்துவைப்பது நல்லது, இல்லாவிட்டால் அது படத்தின் ஓரத்தைப் போய்ப் பற்றிக்கொள்ளும்.

அடுத்து, முதல் அளவுக்குக் குறுக்கே உள்ள இன்னொரு நீளமான அளவைச் சோதியுங்கள். ஈரக் காற்றில் கிடந்த தாள் எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரிவதில்லை. நீளம் சரியாகவும் அகலம் தவறாகவும் வந்தால், கிம்ப் போன்ற மென்பொருளில் அகலத்தை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் இறக்குங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

புலப்படத்துக்கு வருவோம். மலையில் வேலை செய்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. புலப்படத்தில் எழுதியிருப்பவை கிடைமட்டத் தூரங்கள். தேயிலைச் சரிவில் இரண்டு எல்லைக்கற்களுக்கு இடையே டேப்பைத் தரையோடு இழுத்துப் பிடித்து 20 மீட்டர் என்று அளந்தால், சரிவு 20 டிகிரியாக இருக்கும்போது வரைபடத்தில் அந்தத் தூரம் 18.79 மீட்டர்தான். அந்த 20-ஐக் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கினால் நீளத்தில் 6 சதவீதத்துக்கு மேலும், பரப்பில் 13 சதவீதமும் கூடிவிடும்; 5 சென்ட் மனை திரையில் ஐந்தரை சென்ட்டைத் தாண்டி நிற்கும். சமவெளியில் பழகியவர்களுக்கு இது எளிதில் தோன்றாது. நேரில் அளக்க வேண்டியிருந்தால், டேப்பை ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியைக் கீழே இறக்கி, படிப்படியாக அளந்து கூட்டுங்கள். பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்: 100 லிங்க்ஸ் சேர்ந்தது 66 அடிச் சங்கிலி, ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர்.

வீட்டுப் பிளானையும் புலப்படத்தையும் தனித்தனியாகவே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்து இழுத்துப் பொருத்தக் கூடாது. பிறகு எல்லைக்கல்லிலிருந்து வீட்டு மூலைக்குக் கிடைமட்டமாக அளந்த தூரத்தைக் கொண்டு வீட்டை மனைக்குள் அமர்த்துங்கள். படங்களை ஒரு தனி லேயரில் (வரைபடத்தின் அடுக்கில்) பூட்டிவைத்து, படக்கோப்புகளையும் வரைபடம் உள்ள அதே ஃபோல்டரில் வையுங்கள். ஆட்டோகேட் படத்தை உள்ளே சேமிப்பதில்லை, இணைப்பை மட்டுமே வைத்திருக்கும்.

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைபவர்கள் டேப் மெஷர் கருவியால் இரு முனைகளைச் சொடுக்கி நீளத்தைத் தட்டச்சு செய்தால் போதும். ஆனால் படத்தை முதலில் குரூப் ஆக்கி அதற்குள் நுழைந்து செய்யாவிட்டால் மாடல் முழுவதுமே அளவு மாறிவிடும்.

வரைந்து முடித்ததும், மனையின் எல்லையை மூடிய பாலிலைனாக்கி (ஒரே தொடர்கோடாக்கி) அதன் பரப்பைப் பட்டாவில் உள்ள பரப்போடு ஒப்பிடுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நீளத்தில் உள்ள பிழை பரப்பில் இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் இந்தச் சோதனையில் பிழை எளிதில் அகப்பட்டுவிடும். எல்லா நீளங்களும் பொருந்தி, பரப்பு மட்டும் பொருந்தாமல் இருந்தால் கோடுகளை நகர்த்திச் சரிக்கட்டாதீர்கள். சர்வேயரை வரவழைத்துக் கற்களை அளக்கச் சொல்லுங்கள்.