அமெரிக்காவில் பழைய பெரிய செடான் காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரிச்சலுகை எவ்வளவு? எதைக் கவனிக்க வேண்டும்?

வரிக்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார் சந்தையில் 2,000 டாலர் போகும். நிறுவனம் ஏலத்தில் 700-க்கு விற்றால், வரிக்கான வருமானத்திலிருந்து நீங்கள் கழிக்க முடிவது அதிகபட்சம் 700தான். விற்ற 30 நாளுக்குள் நிறுவனம் அனுப்பும் 1098-சி என்ற நன்கொடைச் சான்றுப் படிவத்தை வரித் தாக்கலோடு இணைக்க வேண்டும். விற்ற விலை 500-ஐத் தாண்டாவிட்டால், 500 அல்லது சந்தை மதிப்பு, எது குறைவோ அதைக் கழிக்கலாம். முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக என்று நிறுவனமே நெடுநாள் ஓட்டினால் முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். அதனால் "ஓட்டுவீர்களா, விற்பீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். நன்கொடை போன்றவற்றைத் தனித்தனியாகக் காட்டாமல், எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) எடுப்பவருக்கு இதில் எதுவும் கிடையாது.

ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தளத்தில், வரிச்சலுகைக்குத் தகுதியான நிறுவனங்களில் இதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) வாங்குபவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடவே கூடாது. பெயர் மாறாத காருக்குப் பார்க்கிங் அபராதமும் டோயிங் பில்லும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கைமாறிய தகவலை மாநில வாகனத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, பிறகு இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றுவதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கண்ணாடியில் ஒட்டிய டோல் டேக்கையும் சன் வைசரில் மாட்டிய கராஜ் ரிமோட்டையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.