75 என்பது மதிப்பெண் அல்ல

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பேச்சு தாமதமாகத்தான் வந்தது. இன்னும் கோவையாகப் பேச வராது. உளவியலாளர் ஒருவர் வண்ணப் படப் புத்தகத்தைக் காட்டி, விடுபட்ட துண்டைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அறிக்கையில் '75ஆம் பெர்சன்டைல்' என்று இருக்கிறது. 'ஐக்யூ வெறும் 75தானா' என்று வீட்டில் எல்லோரும் உடைந்துபோனோம். பதினைந்து வயதாகும் என் மூத்த மகளுக்கு மட்டும் ஏன் வேறு புத்தகம் என்கிறார்கள்? பேச்சே இல்லாத இந்தச் சோதனையை நம்பலாமா?

பதில்: அம்மா, இதை முதலில் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். 75ஆம் பெர்சன்டைல் என்றால், அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறக்குறைய 75 பேரைவிட உங்கள் மகன் நன்றாகச் செய்திருக்கிறான். ஐக்யூ கணக்கில் சொன்னால் அது 110ஐ ஒட்டி வரும். ஐக்யூவில் சராசரி 100. பெர்சன்டைலில் நடு இடம் 50. இந்த இரண்டு அளவுகளும் குழம்பிப்போய் எத்தனையோ குடும்பங்கள் வீணாக அழுகின்றன. அறிக்கையைக் கையில் கொடுப்பவர்கள் இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ரேவன்ஸ் மேட்ரிசஸ் என்ற படச் சோதனை வகை. இங்கிலாந்தின் ஜான் ரேவன் உருவாக்கி, 1938இல் வெளியிட்டது. வண்ணப் புத்தகம் சிறுவர்களுக்கு: 36 கேள்விகள். மூத்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உள்ள கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் 60. பன்னிரண்டு பன்னிரண்டாக ஐந்து தொகுதிகள். அதற்கும் மேலே கடினமான மூன்றாவது ஒன்று உண்டு. தம்பியின் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவாள். அவள் திறன் எங்கே முடிகிறது என்பது தெரியாது. கடினமானதைத் தம்பியிடம் கொடுத்தால் நாலாவது பக்கத்திலேயே மனம் விட்டுவிடுவான். அதனால்தான் ஆளுக்கொரு புத்தகம். இருவரின் சரியான விடைகளின் எண்ணிக்கையையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

இந்தச் சோதனையை நான் வைக்கும்போது தவறான விடைகளைத்தான் உற்றுப் பார்ப்பேன். காலி இடத்துக்குப் பக்கத்தில் உள்ள படத்தையே ஒரு குழந்தை திரும்பத் திரும்பத் தொட்டால், வடிவங்கள் மாறும் விதி பிடிபடவில்லை என்று புரியும். எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையைத் தொட்டால் களைப்பாக இருக்கலாம். வேறொரு நாள் வைக்க வேண்டும்.

நம்பலாம், ஆனால் அது எதை அளக்கிறதோ அதற்கு மட்டும். முன்பின் பார்க்காத வடிவங்களுக்குள் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் திறனை அது காட்டும். சொல்வளம், படித்ததை நினைவில் வைப்பது, பழகும் விதம் எதையும் சொல்லாது. பேச்சு இல்லாததால் வளர்ந்த சூழலின் பாதிப்பும் இல்லை என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் படைக்கு வந்த இளைஞர்களின் சராசரி, இதே வகைச் சோதனையில் 1952க்கும் 1982க்கும் இடையே சுமார் 20 ஐக்யூ புள்ளிகள் ஏறியதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக் காட்டினார். ஒரே தலைமுறையில் மூளை அப்படி மாறிவிடாது, மாறியது வாழ்க்கை. எனவே மகனை எந்த ஆண்டு, எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று. படத்தில் இவ்வளவு தெளிவாக யோசிக்கிற பிள்ளைக்குப் பேச்சு ஏன் வரவில்லை? காது பரிசோதனை ஆகியிருக்கிறதா? ஆகவில்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்த அறிக்கையையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் இதே மாதிரிச் சோதனை. பயிற்சிப் புத்தகம் வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். எளிய கேள்வி அடுத்த கேள்விக்கு வழிகாட்டும்படிதான் இதை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் அங்கேயே கிடைத்துவிடும். முன்பே பழகிப் பெற்ற எண் அவளுக்குப் பொருந்தாத வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கும். ஏற்கெனவே ஏதாவது பார்த்திருந்தால் சோதிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி அணிபவள் என்றால் மறக்காமல் போட்டு அனுப்புங்கள்.